லிட்டருக்குப் பன்னிரண்டு

பெட்ரோல் பங்கில் டீசல் குழாய் ‘டக்’கென்று நின்றதும் மற்றவர்கள் மூடியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இவர் கிளம்பமாட்டார். வேனின் விலாவில் தோளைக் கொடுத்து, தூங்கும் குழந்தையைப் புரட்டுவதுபோல மெல்ல மூன்று முறை ஆட்டுவார். டாங்கிக்குள் நுரை அடங்குகிறதா என்று காதை வைத்துக் கேட்பார். பின்னால் நிற்கும் லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்க மறந்துபோன நேரத்தில், "இன்னும் கொஞ்சம் பிடிங்க, கழுத்து வரைக்கும் வரணும்" என்பார்.

வாசகரே, இதுதான் மைலேஜ் பிராணி. சாலையில் நீங்கள் இதைக் கடந்திருப்பீர்கள். கடக்க முடியாமல் பின்னாலேயே போயும் இருப்பீர்கள். ஐம்பத்தைந்துக்கு மேல் போகாது. வெயில் கொளுத்தினாலும் ஜன்னலைத் திறக்காது, திறந்தால் காற்று இழுக்குமாம். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால்தான் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும். மிதிக்கும் என்பதுகூடத் தப்பு, தடவும். இறக்கம் கண்டால் எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்மூடிப் புன்னகைக்கும். பக்கத்தில் இருப்பவர்கள்தான் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். டீசல் செலவுக்குப் பயந்தா இத்தனையும்? சேச்சே. பணம் என்று சொன்னால் கோபம் வரும். இது தவம்.

நமது பிராணி நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் போட்டவர். ஓய்வு பெற்ற அன்றே ஒரு பழைய கேம்பர் வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே இரண்டு படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடக்கு மேசை. "இனிமே நமக்கு எந்த ஊரும் சொந்த ஊர்தான்" என்றார் மனைவியிடம். அந்த அம்மாள் நம்பினாள். ஜன்னல்களுக்குத் திரை தைத்து மாட்டினாள். முதல் பயணம் எங்கே என்பதிலும் சந்தேகமில்லை: கடலோரத்தில் தனியாக இருக்கும் அவளுடைய அக்கா வீடு.

முதல் வாரம் கணக்குப் பார்த்தார். லிட்டருக்கு எட்டு புள்ளி நாலு.

"பன்னிரண்டு வரட்டும், கிளம்பிடலாம்."

ஏன் பன்னிரண்டு? யாருக்கும் தெரியாது. மெக்கானிக் அவருக்குப் ‘பன்னிரண்டு சார்’ என்றே பெயர் வைத்துவிட்டார்.

எடை குறைந்தால் மைலேஜ் கூடும் அல்லவா? அடுப்பு இறங்கியது. தொட்டி இறங்கியது. மேசை, ஒரு படுக்கை, பிறகு இன்னொரு படுக்கை. கடைசியில் திரைச்சீலையையும் அவிழ்த்தார். "துணிதானேன்னு நினைக்காதே, எண்ணூறு கிராம்!" வீடு மாதிரி வந்த வண்டி, வீடு காலி செய்துவிட்டுப் போன மாதிரி ஆகிவிட்டது. ஞாயிறுதோறும் அந்தக் காலி டப்பாவை ஊரைச் சுற்றிப் போகும் சாலையில் தன்னந்தனியாக ஓட்டி அளந்தார். ஒரே வருடத்தில் நாலாயிரம் கிலோமீட்டர். கடலுக்கு எட்டு முறை போய்த் திரும்பியிருக்கலாம்.

அப்போதுதான் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"என்னங்க, அக்கா வீட்டை வித்துட்டா. மாசக் கடைசியில சாவியக் கொடுத்துட்டு மகன்கிட்டயே வெளிநாடு போறாளாம். அதுக்குள்ள பத்து நாளாவது வந்து இருடீன்னு அழறா."

"இப்போ எவ்வளவு தெரியுமா? பத்து புள்ளி ஒன்பது!" என்றார் அவர். "ஒரே ஒரு வேலைதான் பாக்கி. டயர்."

மெக்கானிக் டயரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "சார், நீங்க கேக்கறது ஒரு சைஸ் சின்னது."

"அகலம் குறைஞ்சா உரசல் குறையும்ப்பா."

"அகலம் மட்டுமில்ல சார், உயரமும்…"

"நீ வரவழைச்சு மாட்டு."

வருவதற்குப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்த அம்மாள் ஒவ்வொரு நாளாகக் கிழித்தாள், காலண்டரையும் உதட்டுத் தோலையும். மாதம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது பையைக் கட்டி வாசலில் வைத்தாள். இவர் உள்ளே போய் எடை பார்க்கும் கருவியைத் தூக்கிவந்து பையை அதன்மேல் ஏற்றினார். முள்ளைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். பிறகு, கேட்கக்கூடாததைக் கேட்டார்.

"நீயும் ஒரு தடவை ஏறி நில்லேன்."

அவள் கருவியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்துவிட்டாள்.

இவருக்கு வருத்தம் இல்லை என்று சொல்லமாட்டேன். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் எடை உத்தேசமாக ஐம்பத்தெட்டு கிலோ குறைந்ததே என்ற எண்ணமும் ஓர் ஓரத்தில் எட்டிப்பார்த்தது. நாலாம் நாள் டயர் வந்தது. விடிந்ததும் கிளம்பினார். கடலோரத்துப் பங்கில் வண்டியை மூன்று முறை ஆட்டி நிரப்பினார். ஓடியது இருநூற்று அறுபத்து நாலு. குடித்தது இருபத்திரண்டு. வகுத்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அக்கா வீட்டு வாசலில் இறங்கியதும் இறங்காததுமாகக் கத்தினார்:

"பன்னிரண்டு!"

உள்ளே சுவரில் படங்கள் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அக்காளும் தங்கையும் கடைசிப் பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க தம்பி, நல்ல நேரத்துல வந்தீங்க. வண்டி காலியாத்தானே இருக்கு? இந்தத் தையல் மெஷின ஏத்திக்குங்க. இவளுக்குன்னு எடுத்து வச்சது."

அவர் மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இரும்பா, அக்கா?"

"பின்ன, பஞ்சா?"

"இல்ல… திரும்பிப் போறப்பவும் பன்னிரண்டு வந்தாத்தான் உறுதியாகும். மெஷின அப்புறமா ஒரு நாள்…"

"அப்புறம்னா எப்போங்க?" என்றாள் மனைவி. குரல் உயரவே இல்லை. "நாளைக்கு இந்தக் கதவ வேற யாரோ திறப்பாங்க."

மெஷின் பேருந்தின் கூரையில் ஏறியது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இவர் காலி வேனில் ஐம்பத்தைந்தில் வந்தார். அவளுக்கு ஒரு மணி நேரம் பிந்தி வீடு சேர்ந்தார். பன்னிரண்டு புள்ளி ஒன்று!

அடுத்த மாதம் மைலேஜ் கணக்கு நோட்டில் ‘இலக்கு: 13’ என்று எழுதத் திறந்தபோது அந்தப் பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டு கிடந்தது. தூரம்: 240 கி.மீ. இவர் மீட்டர் காட்டியதோ இருநூற்று அறுபத்து நாலு. முதலில் சிரித்தார். "அச்சுப் பிழை." பிறகு சிரிப்பு நின்றது. சீட்டை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார்.

"அன்னைக்கே சொல்ல வந்தேனே சார். சின்னச் சக்கரம் கூடுதலாச் சுத்தும். மீட்டர் சுத்தினதத்தான் எண்ணும், போனத எண்ணாது."

முப்பது வருடம் தூரத்தைக் காகிதத்தில் அளந்தவர் அந்தச் சீட்டின் முதுகிலேயே வகுத்துப் பார்த்தார். பத்து புள்ளி ஒன்பது. அக்கா போன் செய்த அன்று இருந்த அதே எண்.

இந்த வகுத்தல் சரிதானா என்று நீங்களும் இப்போது மனதுக்குள் போட்டுப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால், தயவுசெய்து எழுந்துபோய், உங்கள் வீட்டில் யாராவது பையைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஒரு விஷயம் எனக்கே பின்னால்தான் தெரியவந்தது. அவள் நோட்டுக்குள் வைத்த அந்தச் சீட்டு, மெஷின் ஏறி வந்த பயணத்தினுடையது அல்ல. அவள் முதலில் தனியாகப் போனாளே, அந்தப் பயணத்தினுடையது. அவர் வாசலில் நின்று பன்னிரண்டு என்று கத்தியபோது அது அவள் இடுப்புப் பையில்தான் இருந்தது.