ரோஜாப்பூவின் புகார்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நலம். அங்கே நலமா என்று பார்க்க எல்லா வழியையும் நீ அடைத்துவிட்டதால், தாளும் பேனாவும்.

நீ சோபாவில் வாய்பிளந்து தூங்கிய படத்தை நான் போட்டது தப்புதான். ஆனால் முதல் லைக் அத்தான் போட்டது. அவரைச் சும்மா விட்டுவிட்டு என்னை மட்டும் ஐந்து தளங்களில் பிளாக் செய்தாய். ஒன்றரை வருஷம்.

ஆறாவது தளத்தை நீயும் மறந்திருப்பாய் என்று நினைத்தேன். ஊரே மறந்துவிட்டது. ஒருகாலத்தில் கல்யாணமும் சண்டையும் அங்கேதான். அப்புறம் பெற்றோர்கள் வந்தார்கள், பிள்ளைகள் ஓடினார்கள், பிள்ளைகளைத் தேடிப் பெற்றோர்களும் போனார்கள். மிச்சம் பதினொரு பேர். தினமும் யாருக்கோ காலை வணக்கம் சொல்லும் ஒரு தையல்காரர். செத்த நாய்க்குப் பிறந்தநாள் கொண்டாடும் ஒருவர். பெயரில்லாத ஒரு ரோஜாப்பூ. ஆளில்லாத கடை என்று என் மதியச் சாப்பாட்டைப் படமெடுத்துப் போடுவேன். ரோஜாப்பூ தவறாமல் ஒரு இதயம் தரும். யாரோ ரசிகை என்று மேசையில் சீப்பு வாங்கி வைத்தேன். அத்தானிடம் சொல்லிவிடாதே.

பெரிய கம்பெனியில் வேலை என்று வீட்டில் சொன்னேனே, அது இந்தத் தளத்தை நடத்தும் கம்பெனிதான். மூன்றாவது மாடியில் நானும் ஓடாத ஒரு ஏசியும். வெள்ளிக்கிழமை மூடுகிறோம். அறிவிப்பை அனுப்பியதும் நான், புகார் வருவதும் எனக்கு. ரோஜாப்பூ எழுதியது:

"என்னங்க விளையாடுறீங்களா? மூடிட்டா என் தம்பிய எங்க போய்ப் பாக்கறது? அவன்கூட நான் பேசறதில்ல. ஆனா அந்த எருமை சாப்பிட்டானா இல்லையான்னு அவன் போடற போட்டோலதான் தெரியும். ரெண்டு வாரமா ஒண்ணும் காணோம். உடம்பு கிடம்பு சரியில்லையா? பாத்துச் சொல்லுங்க. நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க."

விதிப்படி பதில் அனுப்பினேன்: "மதிப்பிற்குரிய பயனருக்கு, எருமை நலம்."

"அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று உடனே கேட்டாய்.

அதற்கு எங்களிடம் தயார் பதில் கிடையாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

வேலை போகுதேன்னு எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. ரெண்டு வாரமா சாப்பாடு இறங்கல, அவ்வளவுதான். உன் பதிலையும் எதிர்பாக்கல. அடுத்த வருஷம்கூட மன்னிக்கலாம், அவசரமே இல்ல. அத்தானுக்கு என் பாதி விசாரிப்பு.

என்றும் உன்,
எருமை

பி.கு.: தபாலில் மூன்று நாள் ஆகுமாம். அதனால் நானே கொண்டுவந்து கதவுக்கடியில் தள்ளுகிறேன். மாடிப்படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் சாப்பிடல. கதவைத் திற.