பள்ளத்தில் இறங்க ஆக்சிலேட்டர்

“…அதனாலதாங்க தொர சொல்றேன், பள்ளத்துல எறங்கையில ஆக்சிலேட்டர முழுசா விட்றக் கூடாது. கொஞ்சமாச்சும் புடிச்சிருக்கணும்” என்று தேயிலைத் தோட்டத்துத் துரைக்கே பாடம் நடத்திய ஒரே மனிதர் எங்கள் தட்டண்ணன்தான். எங்கள் இலங்கை மலைநாட்டில் நோட்டன் பிரிட்ஜிலிருந்து நல்லதண்ணி வரை தேடினாலும் அப்படி இன்னொருவர் அகப்பட மாட்டார்.

எண்பதுகளின் தொடக்கம். நான் கொழுந்து நிறுக்கிற வேலை, அவர் டிரைவர். குளிக்கிற தொட்டிக்கு ஆறு சக்கரம் மாட்டியது போல ஒரு வண்டியைத் துரை வாங்கி வந்திருந்தார். மலை, சேறு, ஓடை எல்லாவற்றிலும் ஓடுமாம். கிளச்சும் இல்லை, மாற்றுவதற்குக் கியரும் இல்லை. அண்ணன் ஒரு ஞாயிறு முழுக்க அதைக் கழற்றிப் பார்த்தார். மறுநாளிலிருந்து இரண்டு இனாமல் தட்டுகளை முதுகோடு முதுகாகச் சேர்த்து, இடையில் பெல்ட்டுக்குப் பதிலாக ஒரு கயிற்றை விட்டு, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் விளக்க ஆரம்பித்துவிட்டார்.

“வேகம் கூடுனா முன்தட்டு ரெண்டும் நெருங்கும், பெல்ட்டு விளிம்புக்கு ஏறும். பின்னால இருக்கிற சோடி வெலகிக் குடுக்கும், அங்க பெல்ட்டு உள்ள எறங்கும். கியர் தன்னால மாறிருச்சு, பாத்தீங்களா?”

“பாத்தாச்சு. தட்டக் குடுங்க, சோறு போடணும்” என்பார் அவர் மனைவி ராக்கம்மா. கல்யாணப் பந்தியில் எல்லோருக்கும் தட்டு வைத்தால், பாடம் தொடங்கிவிடும் என்று அண்ணனுக்கு மட்டும் இலை போடுவார்கள்.

பெட்ரோலை மிச்சம் பிடிக்க, பள்ளத்தில் வண்டியைச் சும்மா உருட்டிப் பழகியவர்கள் எங்கள் மற்ற டிரைவர்கள். இதையும் அப்படியே விட்டார்கள். பெல்ட் தளர்ந்து, எஞ்சினின் பிடி விட்டுப்போய், வண்டி இரண்டு தடவை தேயிலைச் செடிக்குள் போய்ப் படுத்தது.

“இன்னொரு வாட்டி உருண்டா கொழும்புக்கே திருப்பி அனுப்பிருவேன்” என்றார் துரை. அனுப்பினால் ஏழாம் நம்பர் மலைக் கொழுந்து பழையபடி பெண்கள் தலையில்தான் இறங்க வேண்டும். ராக்கம்மாவுக்கு ஏற்கெனவே கழுத்து ஒரு பக்கம் திரும்பாது.

அப்போதுதான் அண்ணன் அந்தப் பாடத்தை நடத்தினார்.

“எறங்குறதுக்கு ஆக்சிலேட்டரா? ஒனக்கு மூள கொழம்பிருச்சா?”

“பக்கத்துல ஒக்காருங்க தொர, காட்டுறேன்.”

மலை உச்சியில் சாக்குகளை ஏற்றி, அவற்றின் மேல் நான் உட்கார்ந்தேன். பனிமூட்டம். கியர் விழும் சத்தமில்லை, குலுக்கலில்லை. எஞ்சின் ஒரே சுருதியில் தாழ்ந்து முனகிக்கொண்டே இருந்தது. நாங்கள் இறங்குகிறோமா, மலைதான் எங்களைத் தாண்டி மேலே போகிறதா என்று தெரியவில்லை. பச்சைக் கொழுந்தின் வாசனையில் எனக்குக் கண் செருகியது. துரை மட்டும் கதவில்லாத வண்டியில் கதவைத் தேடிக்கொண்டிருந்தார்.

தராசுக் கொட்டகை முன்னால் வண்டி நின்றதும், “எறங்கிட்டமா?” என்று கேட்டார். அதன் பிறகு கொழும்புப் பேச்சே இல்லை.

துரையை இறக்கிவிட்டு, மிச்சச் சாக்குகளை எடுக்க நாங்கள் இருவரும் மறுபடி மலை ஏறினோம். பாதி வழியில் ராக்கம்மா, தலையில் பாரமில்லாமல், ஒவ்வொரு அடியாக வைத்து இறங்கிக்கொண்டிருந்தார். அண்ணன் வண்டியை நிறுத்தினார்.

“ஏம்புள்ள, கழுத்து நோவுதா?”

“கழுத்து சொகமாத்தான் இருக்கு. பாரமில்லாம எறங்கிப் பழக்கமில்ல, அதான் காலு தடுமாறுது.”

அண்ணன் போட்டிருந்த கோட்டைக் கழற்றி, மடித்து, துரை உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தார். பிறகு தான் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார்.