பூதம் வாய் திறக்காத இருபத்தொரு நாட்கள்

அந்த வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு நான் ஒரு பெரிய முடிவெடுத்தேன். இனிமேல் என் மனைவியிடம் உண்மையைச் சொல்வதில்லை.

என்ன உண்மை என்று கேட்பீர்கள். 'மலைக்காவல்' இரண்டாம் பாகம் ரத்து. நாலே சொல். ஆனால் அந்த நாலு சொல்லும் எங்கள் வீட்டு வாசலுக்குள் நுழைந்தால், பதினோரு வருடமாக நான் தொடாத துடைப்பம் என் கைக்கு வந்துவிடும்.

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். "நான்காம் நடைமேடையில் நிற்கும் வண்டி இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்" என்று ஒலிபெருக்கியில் ஒரு கனத்த குரல் கேட்குமே, அது நான்தான். வண்டி புறப்படுகிறதா, உலகம் அழியப் போகிறதா என்று தெரியாமல் சனங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பிற்பாடு அதையெல்லாம் பதிவு செய்து வைத்துவிட்டார்கள். இப்போது என் வேலை பொத்தானை அழுத்துவது. என் குரலுக்கு நானே பியூன்.

அந்தக் குரலை ஒருநாள் வண்டிக்குக் காத்திருந்த ஒரு சவுண்ட் இன்ஜினியர் கேட்டார். வண்டியை விட்டுவிட்டு என் அறைக்கு ஓடிவந்தார்.

"அண்ணே, எங்க 'மலைக்காவல்' வீடியோ கேம்ல ஒரு பூதம் இருக்கு. அதுக்கு ஆறு மாசமா குரல் தேடிட்டு இருக்கோம். பேசுறீங்களா?"

பேசினேன். மலை வாசலைக் காக்கிற பூதம் அது. விளையாடுகிறவர் கடைசியில் அதைக் கொல்ல வேண்டும். சாய்ந்துகொண்டே பூதம் ஒரே ஒரு வசனம் சொல்லும்: "நான்... மறுபடியும்... வருவேன்."

அங்கேதான் வந்தது வினை. எப்போது வரும், எப்போது வரும் என்று விளையாடியவர்களெல்லாம் கம்பெனியைத் துளைத்து எடுத்தார்கள். கம்பெனியும் இரண்டாம் பாகத்தை அறிவித்தது. அதில் பூதம் சாகாது. கதாநாயகனுக்குத் துணையாகக் கூடவே நடக்கும். எனக்கு நானூற்றுப் பன்னிரண்டு வசனம்! கூடவே ஒரு கடிதமும் வந்தது. 'பதிவு முடியும்வரை தங்கள் குரல் முதல் பாகத்தில் இருந்தபடியே மாறாமல் இருத்தல் அவசியம்.'

அந்தக் கடிதத்தை லேமினேஷன் செய்து சமையலறையில் மாட்டினேன்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள் மனைவி.

"தூசி ஆகாதுன்னு அர்த்தம்."

"தூசின்னு எங்க எழுதியிருக்கு?"

"குரல்னாலே தூசி ஆகாதும்மா. அதனால பெருக்க முடியாது. பச்சைத் தண்ணி ஆகாது. அதனால பாத்திரம் கழுவ முடியாது. ஒட்டடை அடிச்சா தும்மல் வரும். தும்மினா தொண்டை போயிடும்."

"துணி காயப்போடலாம்ல?"

"மொட்டை மாடியில காத்து."

என் மனைவி ஒரு தொழிற்சாலையில் விடுப்பு விண்ணப்பம் பார்க்கிற பிரிவில் இருக்கிறாள். ஒரே பெரியப்பாவை நான்கு தடவை சாகடித்தவர்களையெல்லாம் பார்த்தவள். கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"எப்ப முடியும் இந்தப் பதிவு?"

"ஆறே மாசம்."

அந்த ஆறு மாதம்தான் பதினோரு வருடமாயிற்று. சத்தியமாக அதில் என் தப்பு எதுவும் இல்லை.

முதல் வருடம் பன்னிரண்டு வசனம் பதிவு செய்தார்கள். இரண்டாம் வருடம் எஞ்சினை மாற்றுகிறோம் என்றார்கள்.

"எஞ்சினா? உங்க பஸ்ஸுக்கா?" என்றாள் மனைவி.

"கேமுக்கு. கேமுக்கும் எஞ்சின் உண்டு."

"மாத்துறதுக்கு எத்தனை நாளாம்?"

"பழைய எஞ்சின்ல பூதம் நல்லா நடந்துச்சாம். புது எஞ்சின்ல இடுப்பு வரைக்கும் தரையில புதைஞ்சுடுதாம். வெளிய எடுக்கப் பார்த்துட்டு இருக்காங்க."

எடுத்து முடிக்க இரண்டு வருடம். நான்காம் வருடம் இயக்குநர் மனம் வெறுத்துத் தேனீ வளர்க்கப் போனார். அடுத்து வந்தவர் பூதம் வேண்டாம், பறக்கிற பாம்பு போடலாம் என்றார். அப்புறம் அவரே பறந்துவிட்டார். பூதம் திரும்பி வந்தது. ஏழாம் வருடம் நாற்பது விநாடிக்கு ஒரு முன்னோட்டம் விட்டார்கள். அதில் பூதத்தின் இடது கால் மட்டும் தெரிந்தது. ரசிகர்கள் அந்தக் காலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். சுண்டுவிரல் முன்னைவிட நீளமாகிவிட்டது, பூதத்தையே கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு கட்சி. அது வளர்ந்த பூதம், விரலும் வளரத்தான் செய்யும் என்று ஒரு கட்சி. ஒன்பதாம் வருடம் வெளியீட்டுத் தேதியே சொன்னார்கள். என் மனைவியின் தொழிற்சாலையில் மட்டும் அந்தத் தேதிக்குப் பதினேழு பேர் விடுப்புக் கேட்டார்கள். பதினேழு பேருக்கும் வயிற்றுவலி. தேதி தள்ளிப்போயிற்று. பதினேழு வயிற்றுவலியும் சேர்ந்து தள்ளிப்போயிற்று.

ஊருக்கெல்லாம் வாய்தா கொடுத்தவர்கள், என்னிடம் மட்டும் 'வாய் தா' என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டையும் குளியலறையில் மனப்பாடம் செய்தேன். "வாளை எடு, நண்பா!" என்று நான் முழங்கும்போதெல்லாம் கீழ்வீட்டுக்காரர் தன் குளியலறையில் சோப்பை நழுவவிடுவதாகப் புகார்கூட வந்தது.

அந்த வியாழக்கிழமை சவுண்ட் இன்ஜினியர் போன் செய்தார்.

"அண்ணே, ஆட்டம் குளோஸ்."

"எந்த ஆட்டம்?"

"நம்ம ஆட்டம்தாண்ணே. மொத்தமா ரத்து. எல்லாரும் அட்டைப்பெட்டியில சாமானை எடுத்துட்டு இறங்கிட்டு இருக்காங்க. வாசல்ல வைக்கன்னு செஞ்ச பூதம் சிலை லிஃப்ட்ல நுழையல. மாடிப்படி நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது. போறவங்க வர்றவங்க எல்லாம் அதோட கக்கத்துக்குள்ள குனிஞ்சு போறாங்க."

சிரிக்காதீர்கள். நான் அறிவிப்பு அறையில் உட்கார்ந்து அழுதேன். நானூறு வசனம் தொண்டையிலேயே செத்துப்போனால் உங்களுக்கும் அழுகை வரும். பொத்தானை அழுத்த மறந்துபோய், மூன்று வண்டிகள் யாருக்கும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டன.

அழுது முடித்து மூக்கைச் சிந்தியதும் துடைப்பம் ஞாபகத்துக்கு வந்தது. அப்போது எடுத்ததுதான் அந்த முடிவு.

கூடவே ஒரு திட்டமும் போட்டேன். வெறுமனே மறைத்தால் போதாது. அவள் கேள்வி கேட்பாள். கேட்டால் நான் உளறுவேன். பேசினால்தானே உளறல்? பேசவே வேண்டாம்!

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். மனைவி எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று நான் யோசிக்கவில்லை.

"சந்தோஷ சமாச்சாரம்!" என்றேன். "அடுத்த மாசம் பதிவு!"

அவள் ஒரு கணம் என்னையே பார்த்தாள். "அப்படியா?"

"ஆமா. நானூறு வசனம் ஒரே மூச்சுல. அதனால நாளையிலேருந்து முழு மௌனம். டாக்டர் சொல்லிட்டாரு."

"எந்த டாக்டர்?"

"தொண்டை டாக்டர்."

"வாயைத் திறக்கவே கூடாதுன்னாரா?"

"ஒரு வார்த்தை கூடாதுன்னாரு."

"நல்ல டாக்டரா இருக்காரே!" என்றாள். "எழுதிக் காட்டுறேன்னு சிரமப்படாதீங்க. சைகை போதும். நான் புரிஞ்சுக்குவேன்."

இரண்டு நாள் சொர்க்கம். கேள்வி இல்லை, வேலை இல்லை. வெந்நீர் வேறு வேளாவேளைக்கு வந்தது.

மூன்றாம் நாள் மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. மீன்தொட்டி வியாபாரம். தோளில் ஒரே ஒரு பை.

"தம்பி இந்தப் பக்கம் கடை போடப் போறான். கொஞ்ச நாள் நம்ம வீட்டுல தங்கட்டுமா? ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க" என்றாள்.

நான் இரண்டு கையையும் வேகமாக ஆட்டினேன்.

"பாருடா, ரெண்டு கையையும் காட்டுறாரு. ரெண்டு மாசம் இருக்கணுமாம்."

தரையில் ஓங்கி உதைத்தேன்.

"மாமா எதுக்குக்கா உதைக்கிறாரு?"

"தரை குளிருமாம்டா. கீழ படுக்காம அவரோட கட்டில்லயே படுத்துக்கச் சொல்றாரு."

தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"தலையணையும் எடுத்துக்கணுமாம்."

மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. "மாமா மாதிரி ஒரு மனுஷன் கிடைக்க மாட்டாருக்கா" என்று சொல்லிக்கொண்டே என் கட்டிலில் போய்ப் படுத்தான். நான் தரைக்கு இறங்கினேன். சொன்ன மாதிரியே குளிர்ந்தது.

ஒன்பதாம் நாள் எங்கள் குடியிருப்பின் கூட்டம். செயலாளர் பதவி இரண்டு வருடமாகக் காலி. தண்ணீர் வரவில்லையென்றாலும் செயலாளரைத்தான் திட்டுவார்கள், வந்தாலும் மெதுவாக வருகிறது என்று திட்டுவார்கள். முன்னாள் செயலாளர் இன்னும் முக்காடு போட்டுக்கொண்டுதான் நடமாடுகிறார். தலைவரான எதிர்வீட்டுப் பல் டாக்டர் சுற்றிப் பார்த்தார்.

"யாராவது முன்வரணும்."

என் மனைவி எழுந்தாள். "எங்க வீட்டுக்காரர் இருக்காரே. யார் என்ன திட்டினாலும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாரு."

"இப்படி ஒரு ஆளைத்தான் தேடிட்டு இருக்கோம்!" என்றார் பல் டாக்டர். "சார், உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன்.

"டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கட்டும்!" என்றாள் மனைவி.

மூடினேன்.

"போட்டியின்றித் தேர்வு!" கைதட்டல்.

மறுநாள் காலையிலிருந்து எங்கள் வாசலில் வரிசை. லிஃப்ட் ஓடவில்லை என்று ஒருவர், நாய் குரைக்கிறது என்று ஒருவர், அந்த நாயை இவர் முறைக்கிறார் என்று நாயின் சொந்தக்காரர். எதற்கும் பதில் பேசாத செயலாளர் கிடைத்த சந்தோஷத்தில், பழைய கோபங்களையெல்லாம் தூசி தட்டிக் கொண்டுவந்து திட்டினார்கள். கீழ்வீட்டுக்காரர் பதினோரு வருடத்துச் சோப்புக்கும் சேர்த்துத் திட்டினார். நான் வெந்நீரைக் குடித்துக்கொண்டு தலையாட்டினேன். பூதமாவது ஒரே ஒரு அடியில் செத்தது.

இருபத்தோராம் நாள் காலை. கூடத்தில் என் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உலகத்தில் எனக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மச்சான் டேப்பை எடுத்துவந்து என்னைச் சுற்றி அளக்க ஆரம்பித்தான். நீளம் அளந்தான். அகலம் அளந்தான். என் காலைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு மறுபடி அளந்தான்.

"அக்கா, அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு! பெரிய தொட்டி இங்கதான்!"

"நாற்காலியை எடுத்துட்டு அங்க தொட்டி வைக்கணுமாங்க" என்றாள் மனைவி. "ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க."

சொன்னேன்.

"முடியாது!"

அது என் குரல் இல்லை. பூதத்தின் குரல். இருபத்தொரு நாள் அடைத்துவைத்திருந்த மொத்தக் குரலும் ஒன்றாக வெளியே வந்தது. அலமாரியில் தம்ளர்கள் நடுங்கின. மச்சான் கையிலிருந்த டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போய்விட்டது.

"கேமும் இல்ல, பதிவும் இல்ல! எல்லாம் ரத்து! ரத்தாகி மூணு வாரம் ஆச்சு! டாக்டரும் பொய், மௌனமும் பொய்! போதுமா?"

மனைவி காபியை ஒரு வாய் குடித்தாள்.

"தெரியும்."

"தெரியுமா? எப்போ?"

"அந்த வியாழக்கிழமை பத்து மணிக்கே. உங்க சவுண்ட் இன்ஜினியர் முதல்ல எனக்குத்தான் போன் பண்ணாரு. 'அண்ணி, அண்ணன் தாங்க மாட்டாரு, எப்படிச் சொல்றது'ன்னு கேட்டாரு. நீங்க வந்ததும் ஆறுதலா நாலு வார்த்தை சொல்லலாம்னு அரை நாள் லீவு போட்டுட்டு உட்கார்ந்திருந்தேன். நீங்க உள்ள வந்ததும் வராததுமா 'சந்தோஷ சமாச்சாரம்'னீங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. இந்தத் தடவை நிஜமாகவே வரவில்லை.

"அப்பவே கேட்டிருக்கலாமே?" என்றேன் ஒருவழியாக.

"பதினெட்டு வருஷத்துல முதல் தடவையா நீங்களாவே வாயை மூடிக்கிறேன்னீங்க. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலைங்க."

நாற்காலியிலேயே சுருண்டு உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் வந்தாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அந்த நானூத்திப் பன்னிரண்டுல உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்?"

பதினோரு வருடத்தில் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. இயக்குநர்கள்கூடக் கேட்டதில்லை.

"முந்நூத்தி ஏழு" என்றேன். "எதிரிப்படை திரண்டு வருது. பூதம் நண்பனை அனுப்பிட்டு, தனியா வாசல்ல நிக்குது."

"சொல்லுங்க. கேட்கலாம்."

எழுந்து நின்றேன். தோளை விரித்தேன். நாற்காலிக்கு முன்னால் மலை வாசல் எழும்பியது.

"நீ போ, நண்பா. நான் நிற்கும்வரை இந்த வாசலைத் தாண்டி ஒரு ஈ கூட உள்ளே வராது!"

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை அப்படிப் பார்த்திருக்கிறாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். முன்னைவிட உரக்கச் சொன்னேன். "ஒரு ஈ கூட உள்ளே வராது!" நான் முடிக்கவும் தெருவில் லாரி ஹாரன் அடிக்கவும் சரியாக இருந்தது.

மச்சான் ஜன்னலுக்கு ஓடினான். "அக்கா, தொட்டி வந்துடுச்சு! ஆனா லிஃப்ட் ஓடலையே. நாலு மாடிக்கு எப்படிக்கா ஏத்துறது?"

மனைவி என் தோளில் ஒரு துண்டை மடித்துப் போட்டாள்.

"ஈ வர வேண்டாங்க, மீன் மட்டும் வரட்டும். பெரிய தொட்டியை நீங்க தூக்குங்க. பூதம் நீங்கதானே!"