உஷ் மதாமும் என் மாவு மூடியும்

புதுச்சேரியில் ரகசியம் காப்பதற்கென்று ஒரு பதவி இருந்திருந்தால் அதை உஷ் மதாமுக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். அவரும் வாங்கியிருப்பார். வாங்கியதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. சேதராப்பட்டில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது மட்டும் தெரியும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் பூசைக்குப் போவார். கோபம் வந்தால் பிரெஞ்சு வரும். யாராவது எதையாவது சொல்ல வாயெடுத்தால் போதும், உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

நான் அப்போது முத்தியால்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி, ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன். விடுதிக்கு அடுத்த வீடு மதாமுடையது. வாசலில் ஒரு பலகை: "பெண்களுக்கு ஆலோசனை. மாலை நான்கு முதல் ஆறு வரை." எதைப் பற்றிய ஆலோசனை என்று பலகையில் இருக்காது. வீட்டு உபயோகத்துக்குப் புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடித்து, அதைச் செய்து விற்க நினைக்கும் பெண்களுக்கு வழி சொல்வதுதான் அவர் செய்த காரியம். அதை எழுதிவிட்டால், உள்ளே வருகிறவள் கையில் ஒரு கண்டுபிடிப்பு இருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரருக்குத் தெரிந்துவிடுமாம்.

இதனால் முடி கொட்டுகிறவர்கள், ஜாதகம் பார்க்க வேண்டியவர்கள், விசா கிடைக்காதவர்கள் எல்லோரும் அவரிடம் வந்தார்கள். எங்கள் விடுதிக்குச் சமையலுக்கு வரும் பெண் மாமியார் தொல்லையைச் சொல்லப் போனாள். பாதியிலேயே மதாம் "உஷ்" என்று நிறுத்திவிட்டார்.

"அது இன்னான்னு எனக்குச் சொல்லாத. எத்தினி நாளா உங்கிட்ட இருக்கு?"

"கல்யாணம் ஆனதுலேந்து மதாம்."

"தேதி போட்டு நோட்டுல எழுது. ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடு. அப்புறமா சொந்தக்காரங்க இல்லாத வெளியாளு பத்துப் பேருகிட்ட குடுத்து, ஆளுக்கு ஒரு வாரம் வெச்சிருந்து பாக்கச் சொல்லு."

அந்தக் கடைசி யோசனை தனக்கு ரொம்பப் பிடித்திருந்தது என்று அவள் வந்து சொன்னாள். பத்துப் பேர் கிடைப்பதுதான் கஷ்டம் என்றாள்.

நான் அவரிடம் போனதற்குக் காரணம் இட்லி மாவு. விடுதியில் காலை டிபன் மட்டும் அவரவர் பாடு; ஃப்ரிட்ஜோ ஒன்றே ஒன்று. எட்டுப் பேருடைய மாவு டப்பாக்கள். புதுச்சேரி வெயிலில் அரைத்த மாவு, ஃப்ரிட்ஜுக்குள் போன பிறகும் பொங்குவதை நிறுத்தாது. யார் மாவு வழிகிறதோ அவர் ஃப்ரிட்ஜ் முழுவதையும் துடைக்க வேண்டும் என்பது வார்டன் சட்டம். ஒரே மாதத்தில் ஐந்து தடவை துடைத்த பிறகு, நான் டப்பா மூடியின் நடுவில் ஓர் ஓட்டை போட்டேன். ஐஸ்கிரீம் டப்பாவை வெட்டி அந்த மூடியைச் சுற்றி வரப்பு மாதிரி ஒட்டினேன். பொங்கிய மாவு ஓட்டை வழியாக மேலே வந்து வரப்புக்குள் சமர்த்தாக உட்கார்ந்தது. ஒரு சொட்டுகூட வழியவில்லை. அன்று நான் ஸ்கேன் சென்டரில் வந்தவர்களிடமெல்லாம் தேவைக்கு மேல் சிரித்தேன்.

மூடியைப் பையில் வைத்துக்கொண்டு மதாம் வீட்டுக்குப் போனேன். அவர் ஜன்னல்களைச் சாத்தினார். பிறகு கண்களையும் மூடிக்கொண்டார்.

"எனக்குக் காட்டாத. பேட்டன்ட்டுக்கு விண்ணப்பம் போடற வரைக்கும் யாருக்கும் காட்டக்கூடாது. நானும் யாரோதானே?"

"பாக்காம எப்படி மதாம் யோசனை சொல்லுவீங்க?"

"கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஈரத்துல இருக்குமா?"

"ஃப்ரிட்ஜுல இருக்கும்."

"உஷ். ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அதுக்கு மேல வேணாம்."

அரை மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் அவர் சொன்னவை: யாருக்கும் காட்டாதே. பலருக்கும் கொடுத்துப் பார். அவசரப்படாதே. தாமதித்தால் போச்சு. படியிறங்கும்போது, நான் கண்டுபிடித்தது என்ன என்பதே எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

ஆனாலும் அவர் விடவில்லை. சென்னையில் ஒரு வக்கீல் அம்மாவைப் பிடித்துக் காப்புரிமைக்கு விண்ணப்பம் போட வைத்தார். விண்ணப்ப எண் வந்த அன்று மாலைதான் கண்ணைத் திறந்து மூடியைப் பார்த்தார். திருப்பினார், தட்டினார், மோந்து பார்த்தார்.

"இதைக் கழுவப் போறது யாரு?"

"நான்தான். வேற யாரு?"

"இந்த மூலையில உன் விரலு போவுதா பாரு."

போகவில்லை. வரப்பு ஒட்டிய இடுக்கில் பழைய மாவு காய்ந்து கிடந்தது. "ரெண்டு நாள்ல நாறும். வாங்கினவ தூக்கிப் போட்டுடுவா. வுவாலா, அவ்ளோதான், உன் பொருளு முடிஞ்சிது" என்றார். மூலையை வளைவாக்கி, ஓட்டையைப் பெரிதாக்கி மறுபடி செய்தோம். சேதராப்பட்டில் தெரிந்த பட்டறையில் மாதிரிக்கு முப்பது மூடிகள் வார்த்துத் தந்தார்கள். இது எதற்கு என்று பட்டறைக்காரர் கேட்டதற்கு, மதாம் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு "வைத்தியத்துக்கு" என்றார். அந்த மனிதர் அதன்பின் ஒவ்வொரு மூடியையும் இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார்.

முப்பதையும் எடுத்துக்கொண்டு பிள்ளைச்சாவடியில் ஒரு மகளிர் குழுவிடம் போனோம். மதாம் ஆளுக்கொன்று கொடுத்து, "ஒரு வாரம் வெச்சிருங்க. இன்னாத்துக்குன்னு கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

வழியில் கெஞ்சினேன். "விண்ணப்பம்தான் போட்டாச்சே மதாம். மாவு மூடின்னு சொன்னா இன்னா?"

"சொன்னா, உன் மூஞ்சிக்காக நல்லாருக்குன்னுவாங்க. சொல்லாம குடு. அவங்க கையி இன்னா செய்யுதுன்னு பாப்போம்."

ஒரு வாரம் கழித்துப் போனோம். ஒரு பெண் மூடியைக் கவிழ்த்து எறா அலசியிருந்தாள். இன்னொருவர் வீட்டுக்காரர் அதைப் புனலாக வைத்துப் படகு இன்ஜினுக்கு டீசல் ஊற்றியிருந்தார். ஒரு வீட்டில் ஓட்டையில் மெழுகுவர்த்தியைச் செருகி மாதா படத்துக்கு முன்னால் வைத்திருந்தார்கள். மெழுகு தரையில் விழவே இல்லை என்று அந்த அம்மா சாட்சி சொன்னார். எனக்கு அழுகை முட்டியது. மதாம் மகிழ்ச்சியாக நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். எதற்கு மகிழ்ச்சி என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இருபத்தொன்பது மூடிகள் திரும்பி வந்தன. செல்வி என்ற பெண் மட்டும் வரவில்லை. வீட்டுக்கே போனோம்.

"தரமாட்டேன்க்கா" என்றாள் செல்வி. "மாவு டப்பாவுல போட்டிருக்கேன். வழியறதே இல்ல. வேணும்னா காசு வாங்கிக்குங்க."

"மாவுக்குன்னு உனக்கு யாரு சொன்னது?" என்றேன்.

"பாத்தாலே தெரியல?"

மதாம் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். "திருப்பிக் குடுக்க மனசு வராத ஒருத்தி கெடச்சிட்டா போதும். இனிமே கடைக்குப் போலாம்."

கடை என்றால், பாத்திரங்களை மொத்தமாக வாங்கி விற்கும் ஒரு வியாபாரி. அவருக்கு மூடி உடனே பிடித்துப்போயிற்று. டீ வரவழைத்தார். மேசையில் ஒரு தாளை வைத்து, "சும்மா ஒரு கையெழுத்தும்மா. மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்றார். நான் பேனாவைத் திறந்துவிட்டேன். மதாம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை முழுவதும் படித்தார்.

"இதுல மூடி மொத்தமா உங்களுதுன்னு போட்டிருக்கே. இவ பேரு எங்க?"

"பொருளு விக்குது, பணம் வருது. பேரு எதுக்கும்மா?"

அப்போதுதான் அது நடந்தது. உஷ் மதாம் எழுந்து நின்று கத்தினார். முதலில் பிரெஞ்சில். பிறகு, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி, தமிழில். "பேரு எதுக்கா? ராத்திரி பகலா ஃப்ரிட்ஜைத் தொடச்சது இவ. செஞ்சது இவ. பேரு எதுக்குன்னு கேக்கறியா நீ?" டீயைக் குடிக்காமல் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஆட்டோவில் அவர் கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவரே மெதுவாகச் சொன்னார்.

"நானும் ஒரு மூடி செஞ்சேன். தொழிற்சாலையில சேந்த புதுசு. ஒரு நாளு டீ குடிக்கறப்ப சந்தோஷத்துல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். அடுத்த வருஷம் எல்லா கடையிலயும் வந்திடுச்சி. வேற ஆளு பேருல. அதைத்தான் நானே நாள் பூரா மிஷின்லேந்து எடுத்து அடுக்கினேன்."

"எந்த மூடி மதாம்?"

அவர் வெளியே பார்த்தார். "எல்லார் வீட்டுலயும் இருக்கு. உங்க ஆஸ்டல்லயும் இருக்கு."

மூடியின் கதை ஒருவாறு நல்லபடியாக முடிந்தது. வேறொரு சிறிய கம்பெனி என் பெயரையும் உரிமையையும் என்னிடமே விட்டுவிட்டுச் செய்து விற்கிறது. பெரிய பணமில்லை. அடிப்புறத்தில் என் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறது. முதல் மூடியை மதாமிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது, விரலால் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "மூலையில விரலு போவுதா பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

போன வருடம் பிரான்சில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. பலகையைக் கழற்றியிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

இப்போதெல்லாம் யார் வீட்டுச் சமையலறையிலாவது ஒரு டப்பா மூடி சத்தமே இல்லாமல் கச்சிதமாகப் பொருந்தினால், இது அவர் செய்ததாக இருக்குமோ என்று கையை எடுக்காமல் சற்று நேரம் அப்படியே நிற்கிறேன்.