செம்பருந்துக்கு யார் சோறு கொடுப்பார்?

"அம்மா, அடுத்த வாரம் வரைக்கும் இவன் இப்படியே தொங்கிட்டு இருப்பானா? அதுவரைக்கும் இவனுக்குச் சோறு யாரு கொடுப்பா?"

ஆறு வயதில் லிபி கேட்ட கேள்வி அது. அவள் கையிலிருந்த மலையாளச் சிறுவர் வார இதழில், செம்பருந்து என்ற படக்கதை நாயகன் பாறை விளிம்பை ஒற்றைக் கையால் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தது.

"கர்த்தர் கொடுப்பாரு" என்று சொல்லிவிட்டு ராகேல் சாளை மீனைக் கழுவப் போய்விட்டாள்.

பதினான்கு வருஷம் கழித்து, அதே செம்பருந்து டி.வி. தொடராக வந்து ராகேலின் நிம்மதியைக் கெடுத்தான்.

கழக்கூட்டம் என்னும் ஊரில், ஐ.டி. பார்க்குக்குப் பின்னால் உள்ள சந்தில் ராகேல் மெஸ் நடத்துகிறாள். எல்லோரும் போனிலேயே பிரியாணி வரவழைக்கத் தொடங்கிய பிறகு, கடையைப் பூட்டிவிடலாமா என்ற நிலைமை வந்தது. வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருந்து ஜெபித்தாள். கொஞ்ச நாளில் சனிக்கிழமை மதியங்களில், பார்க்கில் வேலை பார்க்கும் ஹாஸ்டல் பிள்ளைகள் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள். ஜெபம் கேட்கப்பட்டது என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில் தவறும் இல்லை.

ஆனால் வந்தவர்கள் உட்காரவில்லை. பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடித்து, எதிரே ஓமனாவின் டீக்கடைக்கு ஓடினார்கள். பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் அங்கேதான். வெள்ளிதோறும் செம்பருந்து ஏதாவது ஓர் ஆபத்தில் மாட்டிக்கொள்வான். கதை அங்கேயே நின்றுவிடும். அடுத்த வாரம் என்ன ஆகும் என்று ஓமனா சனிக்கிழமையே சொல்லிவிடுவாள். சொன்னது சொன்னபடி நடக்கும்.

ராகேல் சோற்றுக் கரண்டியோடு வாசலில் நின்று பார்ப்பாள். ஓமனா ஒவ்வொரு பிள்ளையின் வலது கையையும் பிடித்துத் தன் முகத்தருகே கொண்டுபோவாள். ரேகை பார்க்கிறாளா, முத்தம் கொடுக்கிறாளா, இங்கிருந்து தெரியாது. எதுவானாலும் ராகேலுக்கு வயிறு எரிந்தது. லிபி நர்சிங் படிக்க பெங்களூர் போன பிறகு, அவளுக்கு இந்தப் பிள்ளைகள்தான் வீடு. சோறு போடுவது ஒருத்தி, கொஞ்சுவது இன்னொருத்தியா?

"லே பிரபினே, கொஞ்ச நேரம் இரி. மோரு தாறேன்."

"வேண்டாம் அக்கா. செம்பருந்து கெணத்துல கெடக்கான். ஓமனா சேச்சிகிட்ட கேக்கணும்."

"அவன் அங்கயே கெடக்கட்டும். உனக்கு மோரு வேணுமா, வேண்டாமா?"

பிரபின் அதற்குள் சாலையைக் கடந்திருந்தான்.

அடுத்த சனிக்கிழமை ராகேல் முந்திக்கொண்டாள். குழம்பு ஊற்றும்போதே சொன்னாள்: "நான் சொல்லட்டா? செம்பருந்து செத்துருவான்."

ஜினிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அக்கா, நீங்க ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவங்கதானே? வாயில இருந்து இப்படி ஒரு வார்த்தை வரலாமா?"

"கதைதானே மக்களே!"

"அவன் உங்களுக்கு என்ன செஞ்சான் அக்கா?"

ஆறுதல் தேடி எல்லோரும் வழக்கத்தைவிட வேகமாக எதிர்க்கடைக்குப் போனார்கள். அவன் பிழைப்பான் என்றாள் ஓமனா. வெள்ளிக்கிழமை பிழைத்தான். அதற்குப் பிறகு பிள்ளைகள் ராகேலைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

சரி, அன்பாகப் பிடித்து நிறுத்துவோம் என்று தீர்மானித்தாள். கை கழுவும் இடத்தில் புதுக் கண்ணாடி மாட்டினாள். உயர்ந்த ரோஜா சோப்பு வாங்கி வைத்தாள். கண்ணாடி முன்னால் ஐந்து நிமிஷமாவது நிற்பார்களே!

நின்றார்கள். சோப்புப் போட்டார்கள். எதிர்க்கடைக்குப் போனார்கள். போன வேகத்தில் முகம் தொங்கத் திரும்பி வந்தார்கள்.

"அக்கா, இன்னும் ஒரு கரண்டி குழம்பு."

"சோறு?"

"சோறு வேண்டாம்."

ஊற்றிய குழம்பில் ஐந்து விரலையும் முக்கினார்கள். தண்ணீரில் லேசாக அலசினார்கள். மறுபடியும் ஓடினார்கள். ராகேல் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"சோப்பை எடுத்துருங்க அக்கா" என்று போகிற போக்கில் சொன்னாள் ஜினி. "வெறும் தண்ணி போதும்."

சோப்பிலும் குற்றமா! அன்று மாலை ராகேல் லிபிக்குப் போன் செய்தாள்.

"மோளே, அந்தச் செம்பருந்து புக்கெல்லாம் எங்க வச்ச? எனக்கு இப்பவே வேணும். கடையில கேட்டா அந்த வாரப் பத்திரிகை நின்னே எட்டு வருஷம் ஆச்சுங்கான். இன்டர்நெட்டுலயும் இல்லியாம்."

"என்கிட்ட கேக்கறீங்களா? நீங்கதானே கிழிச்சீங்க! ஓமனா சேச்சி கால் ஒடிஞ்சு கெடந்தப்போ, பொதிச்சோறு பொதிய. நான் தரையில உருண்டு அழுதேனே, மறந்துட்டீங்களா?"

ராகேலுக்கு நினைவு வந்தது. மகள் கேட்ட கேள்வி அன்று அவளைத் தூங்கவிடவில்லை. கடைக்குப் பின்னறையில், பார்க்க ஆளில்லாமல் ஓமனா கிடந்தாள். விடிவதற்கு முன் ராகேல் சோறும், மாங்காய் போட்ட சாளைக் குழம்பும் வாழையிலையில் பொதிந்து, மேலே வார இதழின் ஒரு தாளைச் சுற்றி, ஓமனாவின் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு வந்தாள். நாற்பது நாள். யார் வைத்தது என்று ஓமனா கேட்கவில்லை. ராகேலும் சொல்லவில்லை. கால் தேறியதும் கடை திறந்தது. அவ்வளவுதான்.

"அப்போ அவ பாத்துச் சொல்லதெல்லாம் என் பொதிக் காகிதமா!" என்று ராகேல் போனில் கத்தினாள். "என் காகிதத்தை வச்சே என் பிள்ளைகளை இழுக்காளா!"

"அம்மா, ஒரு டி.வி. தொடருக்கா இவ்வளவு?"

"நீ படி. போனை வை."

செய்த ஒரு நல்ல காரியத்துக்காகப் பதினான்கு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவள் முதல்முதலாக வருத்தப்பட்டாள். அப்படி வருத்தப்பட்டதற்காக ஆண்டவரிடம் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை டி.வி.யில் செம்பருந்து அதே பாறையில் ஒற்றைக் கையால் தொங்கினான். விரல்கள் ஒவ்வொன்றாக வழுக்கின. கழக்கூட்டம் ஹாஸ்டல்களில் எழுந்த கூச்சல் நெடுஞ்சாலை வரை கேட்டதாம்.

சனிக்கிழமை காலை ராகேல் சாளை வாங்கினாள். கழுவினாள். பிறகு அப்படியே குளிர்பெட்டிக்குள் தள்ளிவிட்டு, பலகையில் எழுதினாள்: 'இன்று மீன் இல்லை. சாம்பார்.'

தன் குழம்பைத் தின்றுவிட்டு இன்னொருத்தியிடம் ஓடுகிறவர்களுக்கு எதற்குக் குழம்பு?

பிரபின் சாம்பாரைப் பார்த்தான். ஜினி பிரபினைப் பார்த்தாள்.

"அக்கா, சாளை கிட்டலியா?"

"கிட்டிச்சு. வைக்க மனசு வரல."

"ஒரே ஒரு சொட்டாவது? நேத்து வச்சது ஏதாவது?"

"இல்ல."

செத்த வீட்டில் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டார்கள். சாலையைக் கடந்தார்கள். ஓமனா முதல் கையைப் பிடித்தாள், விட்டாள். இரண்டாவது கை. மூன்றாவது. தலையை ஆட்டினாள். வீட்டுப்பாடம் எழுதாதவர்களை டீச்சர் வெளியே அனுப்பியதுபோல, பதினெட்டுப் பேரும் வரிசையாக மெஸ்ஸுக்கே திரும்பி வந்து உட்கார்ந்தார்கள்.

எத்தனை மாத ஏக்கம்! ராகேல் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பாடுபட்டாள்.

"என்ன மக்களே, அங்க கதை தீந்துபோச்சா?"

எல்லோரும் பிரபினைப் பார்த்தார்கள்.

"கேக்கேன்லா? எதுக்குத் திரும்பி வந்தீங்க?"

"சொல்லக் கூடாது அக்கா" என்றான் பிரபின், தரையைப் பார்த்தபடி. "சொன்னா அதுக்கப்புறம் எங்களுக்குக் கதையே கிடையாது. அது சேச்சி போட்ட சட்டம்."

அப்போது முதுகில் பையோடு ஒரு புது ஆள் கோபமாக உள்ளே வந்தான். வன்னியபெருமாள். தென்காசிப் பக்கம், திங்கட்கிழமைதான் வேலைக்குச் சேர்ந்தவன், ஊருக்குப் போய்விட்டு இப்போதுதான் ரயிலில் இறங்கி வருகிறான். சட்டமெல்லாம் அவனுக்குத் தெரியாது.

"இங்க ராகேல் யாரு?"

"நான்தான் மோனே. என்ன?"

பிரபின் எழுந்து அவன் வாயைப் பொத்தப் பாய்ந்தான். எட்டவில்லை.

"நான் தம்பானூர்ல எறங்கி நல்லா மீன்குழம்பு ஊத்திச் சாப்ட்டுட்டுத்தான்க்கா வந்தேன். எதிர்க்கடை அம்மா என் கைய மோந்து பாத்துட்டு, 'இது ராகேல் வச்ச குழம்பு இல்ல, நாப்பது நாளு என் ஜன்னல்ல தொங்குன மணம் எனக்குத் தெரியாதா, போயி அங்க தின்னுட்டு வா, அப்பத்தான் கதை'ன்னு வெரட்டி விட்டுட்டாங்க!"