கனடா அண்ணே ஏறாத எஞ்சின்

இலங்கை மலையகத்து வட்டகொடையில் பிறந்து, ஹட்டனையும் நானுஓயாவையும் தாண்டி ஓர் அடி எடுத்து வைக்காமலே 'கனடா' என்று பேர் வாங்கிய மனுஷன் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான். விசா விஷயமாக ஒரு வார்த்தை கேட்கலாமென்று யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவர் பிஸ்கட் பெட்டியோடு அவருடைய லயத்து வீட்டுக்கே போய்விட்டார்.

"ஐயோ சேர், நம்ம மலையில ஓடுற பழைய டீசல் எஞ்சின் கனடாவுல செஞ்சதுங்க. நான் எந்நேரமும் அதப் பத்தியே பேசுறேன்னு இந்தப் பேரு. வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க, சொல்றேன்."

வாத்தியார் எஞ்சின் கதை முழுவதையும் கேட்டு, பிஸ்கட்டையும் அங்கேயே விட்டுவிட்டுத் தப்பித்தார்.

தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலர் மெஷின் ஓட்டுவதுதான் கனடா அண்ணனின் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் ஹட்டனில் நான் படிப்பித்த கம்பியூட்டர் கிளாசுக்கு வந்துவிடுவார். அது இரண்டாயிரத்துச் சொச்சமாம் ஆண்டு. அங்கே ரயில் ஓட்டுகிற கேம் ஒன்று இருந்தது. ஊர் உலகத்து எஞ்சினெல்லாம் அதில் இருந்தது, நம்முடையது மட்டும் இல்லை. நாமாகவே எஞ்சின் வரைந்து சேர்க்கவும் அதில் வழி இருந்தது.

"அப்ப நாமளே செஞ்சு ஏத்திருவோம் சேர்," என்றார். நான் சிரித்தேன்.

மனுஷன் சும்மா இருப்பாரா? தையல்கார மச்சானின் டேப்பை வாங்கிக்கொண்டு போய், நானுஓயாவில் நின்ற எஞ்சினை அளந்தார். "மொகத கரன்னே?" என்ன செய்கிறாய் என்று கார்ட் பாய்ந்து வந்து கேட்க, "இதுக்கு ஒரு சட்டை தைக்கணும் மாத்தயா," என்று சிங்களத்திலேயே பதில் சொன்னாராம். அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியாது. 'மேலருந்து மூணாவது பொட்டி, அதுல ஆறாவது வரி' என்று மெனு முழுவதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். உதவுகிறேன் பேர்வழி என்று ஒரு நாள் நான் திரையில் இருந்த எஞ்சினுக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்து வைத்தேன். வந்ததே கோபம்!

"என்னா சேர் இது, கல்யாண மாப்பிள்ள மாதிரி? எத்தன வருசமா மலை ஏறுற எஞ்சின்!"

உட்கார்ந்து புகைக் கறையை ஒவ்வொன்றாகத் திரும்பப் பூசினார். மழை பெய்தால் ஏற்றத்தில் சக்கரச் சில்லு வழுக்க வேண்டும், அதையும் செய்தார். இரண்டு வருஷம் உழைத்தார். உண்மையான எஞ்சினுக்குள் ஒரே ஒரு தடவை ஏறிப் பார்க்க வேண்டும், அதுதான் அவருடைய ஆசை. வேறெதுவும் அவர் கேட்டதே இல்லை.

கிளாசின் ஆண்டு விழாவுக்குக் கண்டியிலிருந்து பெரிய ரயில்வே அதிகாரி ஒருவர் வந்தார். திரையில் எஞ்சினைப் பார்த்து அசந்துபோய், "யார் செய்தது?" என்று கேட்டார்.

"நான்தான் சேர்," என்றேன்.

இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது. ரோலர் ஓட்டுகிறவர் செய்தது என்று சொன்னால் டிப்ளோமாக்காரனை எவன் மதிப்பான் என்ற பயம். வேறொரு காரணமும் இல்லை.

"ஓட்டிக் காட்டுங்கள்," என்றார் அதிகாரி. ஓட்டினேன். வட்டகொடை ஏற்றத்தில் மழை பிடித்தது. சில்லு சுற்றுகிறது, ரயில் நகரவில்லை. அப்புறம் மெதுவாகப் பின்னால் போக ஆரம்பித்தது. வேர்த்துக் கொட்டிவிட்டது எனக்கு. பார்த்தால், மேசைக்கடியில் கனடா அண்ணே குந்தியிருக்கிறார்.

"மணலு சேர், மணலு! தண்டவாளத்துல மணலு போடணும்!" என்று கிசுகிசுத்துக்கொண்டே கையை நீட்டிப் பட்டனை அமுக்கினார். ரயில் ஏறியது. ஒரே கைதட்டல்.

"உங்கள் பியோன் கெட்டிக்காரர்," என்றார் அதிகாரி.

"எல்லாம் சேர் சொல்லிக் குடுத்ததுங்க ஐயா," என்றார் கனடா அண்ணே.

பரிசு என்ன தெரியுமா? எஞ்சினைச் செய்தவருக்கு, ஹட்டனிலிருந்து நானுஓயா வரைக்கும் டிரைவர் பக்கத்தில் பயணம்! போனேன் ஐயா. மானம் ரோஷம் இல்லாமல் போனேன்.

வட்டகொடை ஸ்டேஷனில் வெள்ளைச் சட்டை போட்டுத் தலையைப் படிய வாரிக்கொண்டு கனடா அண்ணே நின்றார்.

"யாரு, உங்க ஆளா? வேணும்னா ஏறச் சொல்லுங்க," என்றார் டிரைவர். ஏறினால் அவர் பேசுவார். பேசினால் செய்தது யாரென்று தெரிந்துவிடும்.

"தெரிஞ்சவர்தான், சும்மா பாக்க வந்திருக்காரு," என்றேன். கொடி காட்டினார்கள். அவர் கை தட்டிக்கொண்டே கூட ஓடி வந்தார்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போல வந்தார். ஏதாவது கேட்பார் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். கேட்டார்.

"உள்ளுக்கு எப்படி இருந்துச்சு சேர்? ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

அண்ணே, அந்த எஞ்சினைச் செஞ்சது நீங்க. ஊரறிய இப்பதான் சொல்றேன். இதப் படிச்சீங்கன்னா நேரா வந்து என்னைய நாலு வார்த்த திட்டிட்டுப் போங்கண்ணே. அன்னைக்கு நீங்க திட்டாம விட்டதத்தான் என்னால தாங்க முடியல.