கோவிந்தப்பன் கண்டுபிடித்த சொந்த விருப்பம்

மனித விருப்பம் என்பதை உலகுக்குக் கண்டுபிடித்துச் சொன்னவர் யாரென்று சரித்திரத்தில் இல்லை. ஓசூருக்கு அதைக் கொண்டுவந்தவர் பர்சனல் மேனேஜர் கோவிந்தப்பன். கியர் பாக்டரியில் 'விருப்ப ஓய்வு' வந்த தொண்ணூற்று நாலில், முந்நூறு தொழிலாளிகளுக்குள் அப்படியொரு விருப்பம் ஒளிந்துகிடந்தது அவர்களுக்கே தெரியாது. கோவிந்தப்பன்தான் அவர்களைக் கேன்டீனில் உட்காரவைத்து, கதவைச் சாத்தி, கையெழுத்துப் போடாதவருக்கு வடக்கே மாற்றல் என்று அன்போடு எடுத்துச்சொல்லி, அதை வெளியே கொண்டுவந்தார். பெண்டாட்டியைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றவர்களை விடவில்லை. அடுத்தவரைக் கேட்டால் அது எப்படிச் 'சொந்த' விருப்பம் ஆகும்?

இப்பேர்ப்பட்ட ஞானி கம்பெனி டிரஸ்டு ஆஸ்பத்திரியின் கமிட்டியிலும் இருந்தது நோயாளிகள் செய்த புண்ணியம்.

மறு வருஷம் டாக்டர் ஜமீர் அகமது கமிட்டி முன் வந்தார்.

"பிரஸ் ஷாப்ல இருந்து போன வருஷம் விருப்ப ஓய்வுல போன திம்மராயன், உத்தனப்பள்ளிக்காரர். ரெண்டு கிட்னியும் போச்சு, இதயமும் சரியில்ல. டயாலிசிஸ் கொஞ்ச நாள் தள்ளும், அவ்வளவுதான். போதும், நிறுத்துங்க, வீட்டுக்குப் போறேங்கறார். தெளிவா இருக்கார். அவர் சொல்றத நாம கேக்கணும் சார்."

"நோயாளியின் விருப்பமே நமது வேதம்," என்றார் கோவிந்தப்பன். "ஆனா அது அவர் விருப்பம்தானான்னு யார் பார்க்கறது?"

கமிட்டிக்கு மெய்சிலிர்த்தது. மனைவி, பங்காளிகள் அத்தனை பேரின் சம்மதமும் வேண்டும், பிறகு திம்மராயன் ஆற அமர யோசிக்க அவகாசமும் வேண்டும் என்று தீர்மானமாயிற்று. 'சரியான' விருப்பத்துக்கு அவர் வந்துசேரும்வரை மெஷின் ஓடும்.

திம்மராயனின் மனைவி கெம்பம்மா வந்தாள்.

"எனக்கு மட்டும் ஆசையா சாமி? ஊசி குத்தக் கையில எடமில்ல. மெஷின உட்டு எறங்குனா எந்திரிக்க முடியல. வூட்டுல கொண்டுபோய்ப் போடுன்னு கெஞ்சறாரு."

கோவிந்தப்பன் அவள் சம்மதத்தை மனதாரப் பாராட்டி, சூளகிரிப் பங்காளி ஒருவர் இன்னும் பாக்கி என்று நினைவூட்டினார். அத்தோடு நிற்காமல் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வார்டுக்கே போனார். இது அவருடைய பெருந்தன்மை.

"திம்மராயா, இது நீ பேசல. உன் வேதனை பேசுது."

"வேதனை எனக்குத்தான சார் இருக்குது. வேற யாருத வெச்சுப் பேசறது?"

"நெருக்கடியில சொல்றது விருப்பம் ஆகாதுப்பா. பயத்துல சொல்றது, யோசிக்க நேரமில்லாம சொல்றது, குடும்பத்தக் கேக்காம சொல்றது, ஒண்ணும் செல்லாது."

"நெசமாவா சார்?"

"சட்டம், தர்மம் ரெண்டும் அதான்."

திம்மராயன் எழுந்து உட்காரப் பார்த்தார். டாக்டர் தாங்கிக்கொண்டார்.

"அப்படின்னா என் வேல போகவே இல்ல. கேன்டீன்ல போட்ட கையெழுத்தும் செல்லாதுதான? டாக்டரே, கெம்பிகிட்டச் சொல்லி என் காக்கிச் சட்டையத் தோச்சு வெக்கச் சொல்லுங்க. கூட இருந்தவங்களுக்கும் சொல்லி உடறன். நாளைக்குக் காலை ஷிப்டுக்கு எல்லாரும் வந்துடறோம்."

அன்று மாலையே கமிட்டி அவசரமாகக் கூடியது. ஒரு மனிதன் வாய்விட்டுச் சொன்னதைச் சந்தேகிப்பது பாவம் என்று கோவிந்தப்பன் தழுதழுத்தார். சூளகிரிப் பங்காளிக்காக யாரும் காத்திருக்கவில்லை. மெஷினை நிறுத்தி, திம்மராயனை உத்தனப்பள்ளிக்கு வேனில் ஏற்றினார்கள்; வலிக்கு மருந்தை எடுத்துக்கொண்டு டாக்டரும் அதே வேனில் ஏறினார்.

தர்மசங்கடமான கேள்விக்கு விடை கிடையாது என்று யார் சொன்னது? ஒருவரை நம்பி வீட்டுக்கு அனுப்புவதா, முந்நூறு பேரைத் திரும்ப வேலைக்கு எடுப்பதா என்று கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.